பி.காம். வகுப்பிலும் ஏரி வரட்டும்: எல்லாத் துறைகளிலும் சுற்றுச்சூழலைப் பாடமாக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு

ஒரு சிறு நகரத்துத் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக 'சஸ்டெயினபிலிட்டி' என்று ஒரு புதிய தாள் கொண்டுவர வேண்டும் என்று கிளம்பினேன். ஐந்து அலகு, நாற்பது பக்க முன்மொழிவு, வண்ணப் படங்கள். கோடை விடுமுறை முழுக்க அதற்கே போனது. கூட்டத்தில் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "நல்ல முயற்சி, அடுத்த முறை பார்க்கலாம்" என்றார்கள். கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

அதன் பிறகு வேறு வழியில் போய், இன்று ஆறு துறைகளில் ஏதோ ஒரு மூலையில் இந்த விஷயம் வகுப்பில் நடக்கிறது, தேர்வில் கேள்வியாகவும் வருகிறது. நான் சுற்றிய சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடநூல்களில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்றும் 'நிலையான வளர்ச்சி' என்றும் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'நிலைபேறான அபிவிருத்தி'. முன்மொழிவில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் "இன்னைக்கு எடுக்கிறோம், நாளைக்கும் மிச்சம் இருக்குமா?" என்று கேட்டால் போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

1. உங்கள் கல்லூரி எந்த வகை என்று முதலில் பாருங்கள்

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உங்கள் துறையின் பாடத்திட்டக் குழுவிடம் இருக்கிறது. அது அதற்கு மேலுள்ள கல்விக் குழுவில் ஒப்புதல் ஆனால் போதும்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் ஓர் அலகைக்கூட நீங்கள் மாற்ற முடியாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உங்களுக்கு மூன்று வாசல் திறந்திருக்கிறது. ஒன்று, அகமதிப்பீட்டு மதிப்பெண். பெரும்பாலும் 25 இருக்கும், அதில் வரும் ஒப்படைப்பை (அசைன்மென்ட்) ஆசிரியர்தான் தீர்மானிக்கிறார். இரண்டு, பாடத்திட்டத்துக்கு வெளியே கல்லூரியே நடத்தும் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பு. மூன்று, ஏற்கெனவே கட்டாயமாக இருக்கும் ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) தாள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) முன்பு அனுப்பிய அடிப்படைப் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகளில் 5 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டவை. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. பல இடங்களில் அந்த 25, 'ஓசோன் படலம்' என்று அட்டைப்படம் போட்ட நோட்டாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதைத் தட்டி எழுப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஈ.வி.எஸ். தாள் ஏன் இப்படிக் கிடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல கல்லூரிகளில் அந்தத் தாள், யாருக்கு மணி நேரம் குறைகிறதோ அவர் தலையில் விழுவது. ஆர்வத்தோடு கேட்டு வாங்குகிறவர் அரிது. நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

2. புதிய தாள் கேட்காதீர்கள்

நான் விழுந்த குழி இதுதான். புதிய தாள் என்றால் வாரத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் யாரோ ஒருவருடைய துறையிலிருந்துதான் வர வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரப் பணிப்பளு என்பது விதி. ஒரு துறையின் மணி நேரம் குறைந்தால் அங்கே ஒரு பணியிடமே ஆட்டம் காணும். கூட்டத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, கேன்டீனில், வணிகவியல் துறைத்தலைவர்தான் சொன்னார்:

"மேடம், உங்க சிலபஸ்ல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா என் டிபார்ட்மென்ட்ல ரெண்டு மணி நேரம் போச்சுன்னா அந்த கெஸ்ட் லெக்சரர் தம்பிய நான் வீட்டுக்கு அனுப்பணும். அவருக்குப் போன மாசம்தான் குழந்தை பொறந்திருக்கு."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மணி நேரம், கிரெடிட், தாளின் குறியீட்டு எண் மூன்றிலும் கை வைக்காதீர்கள். இருக்கிற தாளில், இருக்கிற அலகில், ஒரு கணக்கையோ ஒரு செய்முறையையோ ஓர் எடுத்துக்காட்டையோ மாற்றுங்கள். குறியீட்டு எண் மாறாதவரை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வேலை கிடையாது. அங்கிருந்து எதிர்ப்பும் வராது. அந்தந்தத் துறை ஆசிரியரே எடுப்பதால் "இது எங்க சப்ஜெக்ட் இல்ல" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

3. கல்லூரியின் சொந்தக் கணக்கைக் கையில் எடுங்கள்

துருவக் கரடி படத்தைக் காட்டி யாரையும் அசைக்க முடியாது. நம் கல்லூரி மின் ரசீதைக் காட்டினால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அதனால் எந்தத் துறைக்கும் போவதற்கு முன் கீழ்க்கண்டவற்றின் நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்:

- கடந்த 24 மாத மின் ரசீதுகள். உயரழுத்த இணைப்பு என்றால் மாதம் ஒன்று வரும். அதில் உச்சத் தேவை, பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) எல்லாம் தனித்தனியே இருக்கும். தாழ்வழுத்தம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்று.
- தண்ணீர் லாரி வாங்கியிருந்தால் அதன் பில்கள். ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, எத்தனை அடி என்ற விவரம்.
- வேதியியல், உயிரியல் ஆய்வகங்களின் கொள்முதல் பதிவேடு.
- கேன்டீனில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை சாப்பாடு.
- கணினி ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடும், பழுதாகி மூலையில் கிடக்கும் பொருள்களின் பட்டியலும்.
- கட்டட வரைபடம். கூரையின் பரப்பளவு அதிலிருந்துதான் கிடைக்கும்.

இவை எல்லாம் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் இருக்கும். நேராகப் போய்க் கேட்டால் "எதுக்கு?" என்பார், சந்தேகப்படுவதும் அவர் வேலைதான். முதல்வரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, 'பாட நோக்கத்துக்கு மட்டும்' என்று எழுதி, அவர் கையெழுத்தோடு போங்கள். எனக்குக் கடிதமில்லாமல் மூன்று வாரம் இழுத்தது, கடிதத்தோடு இரண்டு நாளில் முடிந்தது. பண விவரத்தை வெளியே காட்ட நிர்வாகம் தயங்கினால் தொகையை மறைத்துவிட்டு யூனிட் கணக்கை மட்டும் கேளுங்கள். பாடத்துக்கு அதுவே போதும்.

4. துறைக்கு ஏற்ற கேள்வியைத் தேடுங்கள்

எல்லாத் துறைக்கும் ஒரே பவர்பாயின்ட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தத் துறையார் ஏற்கெனவே என்ன கேள்வி கேட்கிறார்களோ அதற்குள்தான் நுழைய வேண்டும். நான் பார்த்தவரை ஓடுகிற உதாரணங்கள் இவை.

*வேதியியல்.* இது என் வீடு என்பதால் இங்கேதான் தொடங்கினேன். இரும்பின் அளவைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டைக் கொண்டு காணும் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) எல்லா பி.எஸ்சி. ஆய்வகத்திலும் உண்டு. 36 மாணவர்கள். ஒரு நாள் தொட்டியின் வாயை மூடிவிட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, "எதையும் தொட்டியில ஊத்தாதீங்க, எல்லாம் இதுல" என்றேன். மாலையில் ஏழு லிட்டருக்கு மேல் இருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு திரவம். தினமும் அந்த ஆய்வகத்தில் நிற்கிற நானே அதை மொத்தமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆறு மதிப்பு கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று நோட்டில் எழுதுகிறோம். எழுதிவிட்டுக் குழாயைத் திறந்து கழுவி விடுகிறோம்.

அடுத்த வாரம் 20 மி.லி. பிப்பெட்டுக்குப் பதில் 5 மி.லி. கழிவு இரண்டு லிட்டருக்குள் அடங்கியது. இதற்கு மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்ன மறுப்பு நியாயமானது: ப்யூரெட்டில் 0.05 மி.லி. தவறாகப் படித்தால் 20 மி.லி.யில் அது கால் சதவீதப் பிழை, 5 மி.லி.யில் ஒரு சதவீதம். அதனால் 10 மி.லி. நுண்ப்யூரெட் வாங்கினோம். ஒரு முறை பெரிய அளவில், மற்றவை சிறிய அளவில் என்று வைத்து, இரண்டின் பிழையையும் ஒப்பிடுவதையே கேள்வியாக்கினோம். கேனில் சேர்ந்ததை ஃபெரஸ் சல்பேட் போட்டு ஒடுக்கி, காரமாக்கி, குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படிய வைப்பது இப்போது தனிச் செய்முறை. படிவைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. மூடி வைத்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். 1998இல் அனஸ்டாஸும் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளை இதற்குப் பிறகு நடத்துங்கள். முன்னால் நடத்தினால் அது இன்னொரு மனப்பாடப் பட்டியல்.

*வணிகவியல்.* அடக்கவிலைக் கணக்கியல் தாளில் கேன்டீன் டீயை வைத்தோம். ஒரு நாளைக்கு 600 டீ. காகிதக் கப் ஒன்று 70 காசு, நாளுக்கு 420 ரூபாய், 180 வேலை நாளுக்கு 75,600. எவர்சில்வர் டம்ளர் 300 வாங்க 12,000. கழுவ ஓர் ஆள், மாதம் 6,000 வீதம் பத்து மாதம் 60,000. சோப்பு வகையில் 3,000. கூட்டினால் 75,000. முதல் ஆண்டு மிச்சம் வெறும் 600 ரூபாய்! பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. இரண்டாம் ஆண்டு டம்ளர் செலவு இல்லை, மிச்சம் 12,600. "காசு கப்புக் கம்பெனிக்குப் போகாம நம்ம ஊர் ஆளுக்குப் போகுதே, அதைக் கணக்குல எங்க போடறது?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தத் தாளை வருடக்கணக்கில் எடுத்தவரிடமும் சட்டென்று பதில் இல்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிறது என்பதையும் கணக்குப் போட்ட பிறகுதான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். கேன்டீன் ஒப்பந்ததாரர் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

நிறுவனக் கணக்கியல் எடுப்பவர்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, சுற்றுச்சூழலும் சமூகமும் சார்ந்த பொறுப்பு அறிக்கையைத் தர வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021இல் உத்தரவிட்டது. 2022-23 முதல் அது கட்டாயம். ஆண்டறிக்கையோடு இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றை எடுங்கள். ஒரு ரூபாய் விற்பனைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று இரண்டு ஆண்டுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தை நிறுவனம் காலியாக விட்டிருக்கிறது என்று தேடுவதும் நல்ல பயிற்சி.

*இயற்பியலும் கணிதமும்.* மாறுமின்னோட்டச் சுற்று நடத்தும்போது பவர் ஃபேக்டரை மின் ரசீதிலிருந்து எடுங்கள். சீலிங் ஃபேன் கணக்கு எல்லாருக்கும் பிடிக்கிறது: பழைய ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்கு 6 மணி நேரம், 200 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 54 யூனிட் மிச்சம். 400 ஃபேனுக்கு 21,600 யூனிட். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு என்று வைத்தால் 15 டன். கணிதத்துக்கு மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 900 மி.மீ. பெய்து, அதில் 80 சதவீதம் பிடித்தால் 7,20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 60 நடை! அந்த ஆண்டு லாரிக்குக் கொடுத்த பில்லைப் பக்கத்தில் வையுங்கள், பேச வேண்டியதே இல்லை.

*வரலாறு.* உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) ஏரி வாரியம் வருகிறது. எல்லாரும் அதைக் குடவோலைத் தேர்தலோடு நிறுத்திக்கொள்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒரு குழுவுக்கு ஏரியைப் பார்ப்பதுதான் வேலை என்ற இடத்தில் ஒரு வகுப்பு நின்று பாருங்கள். பிறகு உங்கள் ஊர் ஏரிக்குப் போய் மதகு எங்கே, மிகை நீர் வழியும் கலிங்கு எங்கே, வரத்துக் கால்வாய் எதன்மேல் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். சர்வே எண் தெரிந்தால் அரசின் இ-சேவைத் தளத்தில், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியாக வேலை பார்த்த பெரியவர் யாராவது ஊரில் இருப்பார். எங்களுக்குக் கிடைத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையில் ஏறினார். பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

*தமிழ்.* ஐந்திணையை வைத்து ஆரம்பிக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அது 'அன்றே சொன்னான் தமிழன்' என்ற பெருமைப் பேச்சில் முடிந்துவிடும் ஆபத்து உண்டு. எங்கள் தமிழ்த்துறைத் தோழி வேறு மாதிரி செய்தார். புறநானூறு 18இல் குடபுலவியனார் பாண்டியனிடம் நீர்நிலை அமைக்கச் சொல்லும் வாதத்தைப் படிப்படியாகப் பிரித்து, இன்றைக்குப் பேரூராட்சித் தலைவருக்கு எழுதும் மனுவாக மாற்றச் சொன்னார். கூடவே ஒரு சொல் திரட்டு: ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி, குட்டை. ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பாட்டியிடம் கேட்டு, தன் ஊரில் எதற்கு எது பெயர், இப்போது அதில் தண்ணீர் இருக்கிறதா என்று எழுத வேண்டும். இணையத்தைப் பார்த்து எழுதவே முடியாத ஒப்படைப்பு என்பது இதன் கூடுதல் லாபம்.

*பொருளியல், அரசியல் அறிவியல்.* உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லப்பட்டது. நொய்யல் மாசுக்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புறவிளைவு (ஒருவர் தொழிலின் பாதிப்பு மற்றவர் தலையில் விழுவது) என்ற பாடத்துக்கு இந்த இரண்டும் போதும். பட்டறைத் தொழிலாளியின் பக்கத்தையும் ஒரு குழு பேச வேண்டும். உங்கள் வகுப்பிலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

*கணினி அறிவியல்.* சுவிட்ச் போர்டில் செருகும் பிளக் மீட்டரால், யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினி எத்தனை வாட் எடுக்கிறது என்று அளக்கட்டும். பழைய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடக்கூடாது, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள்படி பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும் என்பதைக் கல்லூரிக்கே சொல்லிக் கொடுங்கள்.

ஆங்கிலத் துறையில் நான் தோற்றேன். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சூழலியல் இலக்கியத் தாள் இருந்தது. "எங்ககிட்ட இருக்கே" என்று சொல்லிவிட்டார்கள். சரிதான்.

5. பாடத்திட்டக் குழுவுக்கு என்னென்ன வேண்டும்

நாற்பது பக்கம் வேண்டாம். நான்கு பக்கம் போதும்:

- இப்போதைய அலகும் மாற்றிய அலகும் பக்கத்துப் பக்கத்தில். மாற்றிய வரிகள் மட்டும் தடித்த எழுத்தில்.
- மொத்தப் பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் மாறுகிறது. ஒரு தாளில் ஒன்றிரண்டு தலைப்பு மாறினால் மிகக் குறைவாகத்தான் வரும். அந்தச் சின்ன எண் உங்களுக்குச் சாதகம்.
- பாடப் பயன்களில் ஒரு வரித் திருத்தம், அதற்குரிய கே-1 முதல் கே-6 வரையிலான நிலை (நினைவுகூர்தலில் தொடங்கி உருவாக்குதல் வரை போகும் கற்றல் படிகள்). 'அறிந்துகொள்வர்' என்று எழுதினால் கேள்வியும் 'வரையறு' என்றுதான் வரும். 'கணக்கிடுவர்', 'ஒப்பிடுவர்' என்று எழுதுங்கள்.
- மாதிரிக் கேள்விகள் ஐந்து. இதை விட்டுவிடாதீர்கள், காரணம் 8ஆம் படியில்.
- நூலகத்தில் இருக்கிற ஒரு நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆவணம்.

யு.ஜி.சி. விதிப்படி குழுவில் துறையின் ஆசிரியர்களோடு வெளிக் கல்லூரி வல்லுநர்கள், துணைவேந்தரின் நியமன உறுப்பினர், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகியோர் இருப்பார்கள். இதில் உங்கள் தோழர் தொழில்துறைப் பிரதிநிதிதான். நம் ஆசிரியர்கள் "இதெல்லாம் எதுக்கு?" என்று இழுக்கும் இடத்தில், "எங்க பையர், சரக்கு வாங்குறவன், இப்ப இதைத்தான் கேக்குறான்" என்று அவர் ஒரு வரி சொன்னால் முடிந்தது. எங்கள் வணிகவியல் கூட்டத்தில் நடந்தது அதுவே. முன்கூட்டியே அவரிடம் போனில் பேசி வையுங்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'இந்தக் கல்வியாண்டு முதல் சேரும் மாணவர்களுக்கு' என்ற வரி இருக்கிறதா, வெளி உறுப்பினர்கள் அன்றைக்கே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். விட்ட ஒரு கையெழுத்துக்காக நான் நூற்றுப் பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்தேன்.

6. காலக் கணக்கு

எல்லாரும் ஏமாறும் இடம் இது. பாடத்திட்ட மாற்றம், அந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேருபவர்களுக்குத்தான் பொருந்தும். ஆறாம் பருவத் தாளில் மாற்றம் செய்தால் அது வகுப்புக்கு வர இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் உங்கள் ஆர்வமும் ஆறிவிடும், பில்லும் பழையதாகிவிடும். அதனால் முதல் இரண்டு பருவத் தாளிலேயே தொடங்குங்கள்.

எனக்கு ஒத்துவந்த காலண்டர்: அக்டோபரில் ரசீதுகள் சேகரிப்பு. நவம்பரில் துறைத்தலைவர்களிடம் தனித்தனியே பேச்சு. பொதுக் கூட்டம் போடாதீர்கள், எல்லாரும் சேர்ந்தால் எல்லாரும் மறுப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் ஒப்படைப்பாக ஒரு வெள்ளோட்டம். பிப்ரவரி, மார்ச்சில் பாடத்திட்டக் குழு. ஏப்ரல், மே மாதங்களில் கல்விக் குழு. ஜூன், ஜூலையில் வகுப்பு. டிசம்பர் வெள்ளோட்டத்தை விட்டுவிட்டால் மார்ச்சில் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

7. செலவும் களப் பயணமும்

முதல் ஆண்டு எங்களுக்கு ஆனது: அரை நாள் பஸ் வாடகை 7,500, பிளக் மீட்டர் இரண்டு 1,800, குப்பை எடை போடத் தொங்கு தராசு 350, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 400, நகல், அச்சு 1,600, டீ, பிஸ்கட் 1,200. மொத்தம் 12,850 ரூபாய். நுண்ப்யூரெட் துறையின் வழக்கமான கொள்முதலில் போனது. வெளியிலிருந்து நிதி கேட்டு விண்ணப்பித்து ஓராண்டு காத்திருக்க வேண்டிய தொகை இல்லை இது. துறைச் சங்க நிதி, நாட்டு நலப்பணித் திட்டம் என்று பிரித்தால் அடங்கிவிடும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். விருப்பமுள்ளவர்கள் மட்டும் கட்டட்டும்.

ஏரிக்கரைக்குப் போவதானாலும் முதல்வரின் எழுத்து அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், மாணவர் பட்டியல், ஒரு பெண் ஆசிரியர், முதலுதவிப் பெட்டி கட்டாயம். ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று கேட்டு அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்றால் ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி. இதற்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் ஒருவரும் இறங்கக்கூடாது. மண் எடுத்த ஏரிகளில் கரையோரமே ஆள் உயரப் பள்ளம் இருக்கும். நவம்பரில் போகாதீர்கள், பிப்ரவரியில் போங்கள்.

8. கேள்வித்தாளில் வரவில்லை என்றால் நடக்கவில்லை

முதல் துறையில் ஒப்புதல் வாங்கிய ஆண்டு, பருவத் தேர்வில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. கேள்வித்தாள் வெளியில் தயாராகிறது; எடுத்தவருக்கு இந்தப் பகுதி புதிது, தொடாமல் விட்டுவிட்டார். மறு வருடம் வகுப்பில் ஆசிரியரும் தொடாமல் விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதன் பிறகுதான் மாதிரிக் கேள்விகளைப் பாடத்திட்டத்தோடே இணைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வழியாகக் கேள்வித்தாள் எடுப்பவருக்குப் போகிறதா என்று உறுதி செய்தேன். கேள்வி, தகவலைக் கொடுத்துக் கணக்கிடச் சொல்வதாக இருக்கட்டும். 'சுற்றுச்சூழல் பாதுகாப்பின் அவசியம் பற்றிக் கட்டுரை வரைக' என்று கேட்டால் ஐந்தாம் வகுப்பில் எழுதிய பதில்தான் திரும்பி வரும்.

9. நாக் கோப்பு

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் கையேட்டில் 1.3.1, தொழில் நெறி, பாலினம், மனித விழுமியம் ஆகியவற்றோடு சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் பாடத்திட்டத்தில் எப்படிக் கலந்திருக்கிறது என்று கேட்கிறது. எனவே உங்கள் வேலை கல்லூரிக்கும் தேவைதான், கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கை, வருகைப்பதிவு, இடக்குறியோடு எடுத்த புகைப்படம், மாணவர் கருத்துப் படிவம் ஆகியவற்றை அன்றன்றைக்கே கோப்பில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: புகைப்படத்துக்காக மரக்கன்று நடும் விழாவாக இது மாறிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. யாராவது பேனர் அடிக்கக் கிளம்பினால் தேதியை மாற்றிவிடுங்கள்.

10. உங்களுக்கு அடுத்து வருபவருக்கு ஒரு கோப்பு

கெஸ்ட் லெக்சரர்கள் மாறுவார்கள், துறைத்தலைவர் ஓய்வு பெறுவார். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மெல்லிய கோப்பு வையுங்கள்: அந்த ஆண்டு ரசீதுகளின் நகல், கணக்கு ஒன்றின் முழுத் தீர்வு, வந்த தேர்வுக் கேள்வி, மாணவர் எழுதியதில் நல்லது ஒன்று, சொதப்பியது ஒன்று, ஏரிக்கு வழி காட்டிய பெரியவரின் ஊர் விலாசம். கோப்பைத் துறை அலமாரியில் வைக்காதீர்கள், சாவி காணாமல் போகும். நூலகத்தில் பதிவு எண் போட்டு வைத்துவிடுங்கள்.